நாட்டுத் தக்காளின்னா எது? மதுரை மொட்டை மாடிக்கு வெரைட்டி பார்ப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் க்ரோ பேக், மண் கலவை பற்றிப் பேசினோம். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "தக்காளியில எந்த வெரைட்டி போடலாம்?" அதிலும் திருநகரிலிருந்து ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் நோட்டை ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். ஆன்லைனில் ப்ளாக் க்ரிம் விதை வாங்கியிருக்கிறார். கறுப்பும் சிவப்புமா, உள்ளங்கை நிறைய ஒரு பழம் இருக்குமே, இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. பிப்ரவரியில் விதைத்தார். செடி இடுப்பு உயரம் வந்தது. கொத்துக் கொத்தாப் பூத்தது. அப்புறம் பூவெல்லாம் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துபோச்சு. "உரம் பத்தலையா ப்ரோ? இல்ல, நான் ராசியில்லாத ஆளா?" என்று கேட்கிறார்.

ரெண்டும் இல்லை ப்ரோ. உங்க உரமும் சரி, ராசியும் சரி. அந்தச் செடிக்கு நம்ம ஊர் ராத்திரி ஒத்துக்கலை.

ராத்திரின்னுதான் சொல்றேன், பகல்னு சொல்லல. மதுரை வெயில் பற்றி எல்லாரும் பேசுவாங்க. தக்காளி விஷயத்தில் ராத்திரி இன்னும் முக்கியம். தக்காளிப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவுக்குள் இருக்கும். மகரந்தப் பைகள் கூம்பு மாதிரி ஒட்டி நிற்கும், சூல்முடி அந்தக் கூம்புக்குள் ஒளிந்திருக்கும். காற்றில் பூ ஆடினாலே மகரந்தம் கொட்டி உள்ளுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஆனால் ராத்திரி வெப்பம் 21 டிகிரிக்கு மேலே போகப்போக, பல வகைகளில் காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். பகல் 35ஐத் தாண்டினால் மகரந்தம் செயலிழக்கும். சில வகைகளில் சூல்முடி கூம்பை விட்டு வெளியே நீட்டிக்கொள்ளும், கொட்டுகிற மகரந்தம் அதன்மேல் விழாது. காய் பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? உதிர்த்துவிடும்.

இப்போ நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்க. மதுரையில் மே மாதப் பகல் 38, 39 சாதாரணம். ராத்திரி 26க்குக் கீழே இறங்குவதே பெரும்பாடு. வருஷத்திலேயே குளிர்ந்த ஜனவரியில்தான் ராத்திரி 20, 21ஐத் தொடும். அதாவது, மற்றவர்களுக்கு "இதுக்கு மேல போகக்கூடாது" என்கிற எல்லை எதுவோ, அதுதான் நமக்கு வருஷத்தின் பெஸ்ட் கேஸ். அதுவும் தரையில். மொட்டை மாடி கான்க்ரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் திருப்பி விடும். சந்தேகம்னா மே மாசம் மாடியில பாய் போட்டுப் படுத்துப் பாருங்க.

ப்ளாக் க்ரிம் பேரிலேயே ஊர் இருக்கிறது. கருங்கடல் ஓரத்துக் கிரிமியா. ப்ராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் எல்லாம் அமெரிக்கா. சான் மார்சானோ இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம். எல்லாமே அருமையான தக்காளிகள், அந்த ஊர் ராத்திரிக்கு. கொடைக்கானலில் உங்க மாமா வீடு இருந்தால் தாராளமா அனுப்பி வைங்க. மதுரையில் பிப்ரவரியில் விதைத்தால் ஏப்ரலில் பூக்கும். ஏப்ரல் மதுரையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அழகரே ஆத்துல இறங்குற நேரம்.

சரி, வெளிநாட்டு விதை வேண்டாம், நாட்டு விதை வாங்குவோம் என்று முடிவெடுக்கிறோம். இங்கேதான் எனக்குப் பிடித்த குழப்பம் ஆரம்பிக்கிறது.

டவுனுக்குள் ஒரு விதைக்கடை. நான் போய், "அண்ணே, நாட்டுத் தக்காளி விதை இருக்கா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிகேஎம்தானப்பா? இருக்கு." எடுத்துப் போட்ட பாக்கெட்டில் பிகேஎம் 1 என்றுதான் அச்சடித்திருந்தது.

பிகேஎம் என்றால் பெரியகுளம். மதுரையிலிருந்து மேற்கே, தேனி மாவட்டம், கொடைக்கானல் மலைக்கு அடியில் இருக்கிற ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது. பிகேஎம் 1 முருங்கை என்று கேள்விப்பட்டிருப்பீங்க, அதே இடம்தான். பிகேஎம் 1 தக்காளி 1978ல் வெளியானது. எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஒரு ஊர். தேனி பஸ்ஸில் போனவங்க அன்னஞ்சி விலக்கு ஸ்டாப்பைத் தாண்டியிருப்பீங்க. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு உள்ளூர்த் தக்காளி இருந்தது. அந்த அன்னஞ்சியில் மரபு மாற்றத்தைத் தூண்டி, வந்த செடிகளில் நல்லதைப் பொறுக்கி எடுத்ததுதான் பிகேஎம் 1. ஆங்கிலத்தில் இண்ட்யூஸ்ட் மியூட்டன்ட் என்பார்கள். விதையைக் கதிர்வீச்சுக்கோ ரசாயனத்துக்கோ உட்படுத்தினால் மரபணுவில் அங்கிட்டும் இங்கிட்டும் எழுத்து மாறும். பெரும்பாலான மாற்றம் வீண். லட்சத்தில் ஒன்று உருப்படியாக வரும். அதைக் கண்டுபிடித்துத் தலைமுறை தலைமுறையாக நிலைப்படுத்த வேண்டும். கோடில் கண்ணை மூடிக்கொண்டு பத்தாயிரம் இடத்தில் மாற்றிவிட்டு, எந்த பில்ட் ஓடுகிறது என்று பார்க்கிற மாதிரி. இது மரபணு மாற்றுப் பயிர் கிடையாது, வேறு உயிரின் மரபணு எதையும் உள்ளே செருகவில்லை. ஆனால் "ஆதி காலத்திலிருந்து பாட்டி வைத்திருந்த விதை"யும் கிடையாது. என் அம்மாவைவிட வயதில் சின்னது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் தக்காளியே நம்ம நாடு இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கம் பிறந்து, மெக்சிகோவில் வீட்டுப் பயிராகி, ஐரோப்பியர்கள் வழியாக இங்கே வந்தது. அதற்கு முன்னால் தக்காளி என்ற பெயர் இங்கே வேறு செடிகளுக்கு இருந்தது. மணத்தக்காளி இருக்கிறது. சின்ன வயதில் நெற்றியில் அடித்து உடைப்போமே, சொடக்குத் தக்காளி, அது இருக்கிறது. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். இப்போ சீமை போய்விட்டது, அதே பழத்துக்கு முன்னால் "நாட்டு" வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. மிளகாயும் அப்படி வந்ததுதான், அதற்காகக் குழம்பை விடுவோமா?

என் பிரச்சனை வேறு. "நாட்டு" என்பது ஒரு வெரைட்டியின் பெயர் இல்லை. சந்தையில் அது தட்டையாக, புளிப்பாக, சாறு நிறைய இருக்கிற பழத்துக்குப் பெயர். உருண்டையாக, தோல் தடிமனாக, ஒரு வாரம் கெடாமல் இருந்தால் "ஆப்பிள் தக்காளி", "பெங்களூர் தக்காளி". இது சமைக்கிறவர்களுக்குப் போதுமான பிரிவினை. வளர்க்கிறவர்களுக்குப் போதாது. என்ன பெயர் என்று தெரியாமல் விதைத்தால், நன்றாக வந்தாலும் அடுத்த வருஷம் அதையே திரும்ப வாங்க முடியாது, சொதப்பினாலும் எதைத் தவிர்ப்பது என்று தெரியாது. வெர்ஷன் நம்பர் இல்லாத சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ற மாதிரி.

ஆகவே பெயரோடு பேசுவோம். பெயரோடு பேசும்போது ஒவ்வொரு வெரைட்டிக்கும் பின்னால் யாரோ ஒருத்தருடைய தேவை இருப்பது தெரியும்.

பிகேஎம் 1 பற்றிப் பல்கலைக்கழகம் சொல்லும் குறிப்பில் மூன்று விஷயங்கள் வரும். குட்டையாக, ஒரு அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் செடி. காம்புப் பக்கம் பச்சைத் தோள் உள்ள தட்டை உருண்டைப் பழம். தொலைதூரம் அனுப்பத் தாங்கும். மூன்றாவதைக் கவனிங்க. அது யாருடைய தேவை? லாரியுடைய தேவை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றி, கேரளாவுக்கோ மாட்டுத்தாவணிக்கோ போய்ச் சேருவதற்குள் கூழாகாமல் இருக்க வேண்டும். விவசாயிக்கு அது வாழ்வா சாவா பிரச்சனை, நான் கிண்டல் பண்ணவில்லை. ஆனால் உங்க மாடியிலிருந்து அடுப்படிக்கு எத்தனை படி? இருபது? அந்த இருபது படியைத் தாங்காத தக்காளி எதுவும் உலகத்தில் இல்லை.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இருக்கிற ஒரே பெரிய சலுகை இதுதான். லாரி தாங்காது என்பதற்காகவே மார்க்கெட்டுக்கு வராத தக்காளிகளை நாம் வளர்க்கலாம். செடியிலேயே முழுசாகச் சிவக்க விட்டு, தொட்டால் அமுங்குகிற பக்குவத்தில் பறிக்கலாம். மார்க்கெட் தக்காளியைப் பெரும்பாலும் நிறம் திரும்புகிற நேரத்திலேயே பறித்துவிடுவார்கள். ருசி வித்தியாசத்தில் பாதி வெரைட்டியால் வருவது, மீதிப் பாதி இந்த ரெண்டு மூணு நாளால் வருவது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பச்சைத் தோள் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க, எனக்கு ரொம்பப் பிடித்த கதை. சிவந்த பழத்தில் காம்பைச் சுற்றி மட்டும் பச்சை வட்டம் நின்றால் கடையில் மக்கள் "பழுக்கல" என்று ஒதுக்குவார்கள். அதனால் உலகம் முழுக்க வெரைட்டி உருவாக்குகிறவர்கள் பல பத்தாண்டுகளாக அந்தப் பச்சைத் தோள் இல்லாத, ஒரே சீராகச் சிவக்கிற செடிகளையே பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். 2012ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவலும் அவர் குழுவும் எழுதியது. பச்சைத் தோளைக் கொடுக்கிற மரபணு எது, அது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது காயில் பச்சையத்தை, அதாவது சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிற சாமானை, அதிகமாக்குகிற மரபணு. சீராகச் சிவக்கிற வகைகளில் அந்த மரபணு உடைந்திருக்கிறது. திரும்ப வேலை செய்ய வைத்தபோது பழத்தில் சர்க்கரையும் சிவப்பு நிறமியும் கூடியது. பார்க்க அழகா இருக்கணும்னு பொறுக்கினோம், கூடவே கொஞ்சம் ருசியையும் வெளியே தள்ளிட்டோம். யுஐயைச் சுத்தம் பண்றேன்னு பேக்எண்டில் ஒரு ஃபங்ஷனை டெலிட் பண்ணின கதை.

பச்சைத் தோள் இருந்தாலே தேன் மாதிரி இனிக்கும் என்று அர்த்தமில்லை. பிகேஎம் 1 புளிப்புத் தக்காளிதான். ஆனால் மாட்டுத்தாவணியில் பச்சை வட்டம் தெரிகிறது என்று ஒதுக்குவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்க.

இப்போ கணக்கு. எஞ்சினியரா இருந்துட்டு கணக்கு போடாம விட முடியுமா? பிகேஎம் 1 விளைச்சல் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்பார்கள். 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 37,000 செடி. வகுத்தால் ஒரு செடிக்கு ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. இது நிலத்தில், சரியான பராமரிப்பில். ஆறு க்ரோ பேக் வைத்தால் மொத்த சீசனுக்கும் ஐந்து கிலோ கிடைத்தால் நீங்க நல்ல தோட்டக்காரர். நாலு பேர் உள்ள வீட்டில் அது ரெண்டு வாரச் சமையல். 2023 ஜூலையில் விலை நூறைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே அரசு கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்ததே, அந்த மாதிரி நேரத்தில்கூட நம்ம மாடி நம்மைக் காப்பாற்றாது. மற்ற நேரத்தில் அந்த ஐந்து கிலோவின் சந்தை மதிப்பு நூற்றைம்பது ரூபாய். பணம் மிச்சமாகும் என்று சொல்லி யாராவது உங்களுக்கு விதை விற்றால் கும்பிட்டுவிட்டு வந்துடுங்க.

ஆக, பணமும் இல்லை, அளவும் இல்லை என்றால் வெரைட்டியை எதை வைத்துத் தேர்வு செய்வது? முதலில் அடுப்படியைக் கேளுங்க. உங்க வீட்டில் தக்காளி அதிகம் எதற்குப் போகிறது? ரசம், புளி குறைத்து வைக்கிற குழம்பு, பரோட்டாவுக்குச் சால்னா என்றால் சாறும் புளிப்பும் உள்ள தட்டைத் தக்காளி. சாண்ட்விச், சாலட் என்றால் சதைப்பிடிப்பான உருண்டை. எங்க வீட்டில் இந்த முடிவை அம்மாதான் எடுப்பாங்க. "வதக்குனா கரையணும்டா, ரப்பர் மாதிரி நிக்கக்கூடாது." ஒரே வரியில் ரிக்வையர்மென்ட் டாக்குமெண்ட் முடிந்தது. என் ஆபீஸில் யாரும் இவ்வளவு தெளிவா எழுதினதில்லை.

ரெண்டாவது, பை. வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிற குட்டை ரகம் க்ரோ பேக்குக்கு வசதி. பிகேஎம் 1 அந்த ஜாதி. கோயம்புத்தூரில் வந்த கோ 3, மருதம் என்றும் பெயர், அதுவும் குட்டை. பூசா ரூபி டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வந்த பழைய ரகம், கொஞ்சம் வரி விழுந்த பழம், நல்ல புளிப்பு, ஆனால் செடி வளர்ந்துகொண்டே போகும், குச்சி கட்ட வேண்டும். இந்த பூசா ரூபியையும் கோ 3ஐயும் இணைத்து வந்ததுதான் பையூர் 1. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம் உள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்தில், மானாவாரிக்காக, அதாவது மழையை மட்டும் நம்பி விதைக்கிற நிலத்துக்காக உருவாக்கினார்கள். வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டுத் தண்ணீர் ஊற்ற மறக்கிற ஆள் நீங்கள் என்றால் விதை கிடைக்கும்போது இதை முயற்சி பண்ணலாம்.

மூன்றாவது, இலைச் சுருள் நோய். இதைப் பற்றிப் பேசாமல் வெரைட்டி பேசுவது ஏமாற்று வேலை. இலை ஓரம் மேல்பக்கமாக மடங்கி, சுருங்கி, செடி குறுகி நின்றுவிடும். உரக்குறை என்று நினைத்து மக்கள் இன்னும் உரம் போடுவார்கள். அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. செடியைத் தட்டினால் மாவு மாதிரி பறக்குமே, அதுதான். வெயில் ஏற ஏற, காற்று காயக் காய, இதன் ஆட்டம் கூடும். வந்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது, பிடுங்கி மூட்டை கட்டிப் போட வேண்டியதுதான். நாம் இவ்வளவு புகழ்ந்த பிகேஎம் 1 இந்த வைரஸுக்கு எளிதில் மாட்டும். நாட்டு என்றால் நோய் வராது என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

நோய் எதிர்ப்பு வேண்டும் என்றால் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். இலைச் சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்று மூன்றையும் தாங்கும் ஹைப்ரிட். தனியார் கம்பெனி இல்லை, அரசு நிறுவனம். ஹைப்ரிட் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஹைப்ரிட் என்றால் விஷம் என்று அர்த்தமில்லை, ரெண்டு பெற்றோரை வேண்டுமென்றே இணைத்த முதல் தலைமுறை, அவ்வளவுதான். அதில் ஒரே சிக்கல், அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒவ்வொரு வருஷமும் புது பாக்கெட் வாங்க வேண்டும். சப்ஸ்கிரிப்ஷன் மாடல். போன வருஷம் பக்கத்து மாடியில் மிளகாய், தக்காளி எல்லாம் சுருண்டுபோய் இருந்தது என்றால், இந்த சப்ஸ்கிரிப்ஷனுக்குப் பணம் கட்டுவது தப்பே இல்லை.

நான்காவதாக ஒருத்தர் இருக்கிறார், யாரும் கடையில் கேட்காதவர். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற ஓரத்தில், குப்பை மேட்டில், யாரும் விதைக்காமல் முளைக்கிற குட்டித் தக்காளி. கோலிக்குண்டு சைஸ். பொதுவாகப் பழம் சின்னதாக ஆக ஆக வெக்கையில் காய்ப்பிடிப்பு கொஞ்சம் தாங்கும். பெரிய தக்காளியெல்லாம் பூ உதிர்த்து நிற்கிற மார்ச் கடைசியிலும் இது நாலு காய் வைத்திருக்கும். சட்னிக்கு ஒரு கை நிறையப் போதும். தோல் மெல்லிசு, பறித்த மறுநாளே வெடிக்கும், அதனால் எந்த லாரியும் ஏற்றாது. எனக்கு மொத்தத் தக்காளிக் குடும்பத்திலும் இதுதான் செல்லம்.

இப்போ தேதி. நேயர் விதைத்த பிப்ரவரியைவிட்டு வெளியே வரணும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும்னு பெரியவங்க சொல்வாங்க. நிலத்தில் அது சரி. மாடியில் ஆடியில் விதைத்தால் செப்டம்பரில் பூக்கும், ராத்திரி இன்னும் 24, 25ல் நிற்கும். பிடித்த காயும் பழுக்கிற நேரத்தில் அக்டோபர், நவம்பர் மழையில் வெடிக்கும், பூஞ்சாணம் பிடிக்கும். நான் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். பூக்கள் மார்கழியிலும் தையிலும் வர வேண்டும், ஏனென்றால் நமக்குக் கிடைக்கிற ஒரே குளிர் அதுதான். நட்டதிலிருந்து பூக்க இருபத்தைந்து, முப்பது நாள். நாற்று வளர இருபத்தைந்து நாள். ஆக ஐப்பசி பிறந்ததும், அக்டோபர் நடுவில், விதைக்க வேண்டும். வெளியே மழை கொட்டும், அதனால் நாற்றுத் தட்டைச் சன்ஷேடுக்கு அடியில் வைத்து, வெள்ளை ஈ புகாத நைலான் வலையால் மூடிவிடுங்க. நவம்பர் நடுவில் பைக்கு மாற்றினால், தை கடைசியில் முதல் பழம், மாசி வரைக்கும் அறுவடை. பிகேஎம் 1ன் மொத்த ஆயுள் 135 நாள், இந்த ஜன்னலுக்குள் அளந்து வைத்த மாதிரி உட்காரும். அப்புறம் மார்ச் வந்ததும் செடியைப் பிடுங்கிவிடுங்க. நிழல் வலை கட்டி, பஞ்சாமிர்தக் கரைசல் ஊற்றி, மே மாதம் காய்க்க வைக்கிறேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். குட்டித் தக்காளியை மட்டும் விட்டு வைங்க. திருநகர் ப்ரோவுக்கும் இதையேதான் சொல்றேன்: மிச்சம் இருக்கிற ப்ளாக் க்ரிம் விதையை அக்டோபரில் ஒரே ஒரு பையில் போடுங்க. ஜனவரியில் பூத்தால் நாலு காய் பிடிக்க வாய்ப்பு இருக்கு.

பூ வந்ததும் காலையில் எட்டு, ஒன்பது மணிக்குக் கொத்தை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்க. நிலத்தில் இந்த வேலையை மரத்தில் துளை போடுகிற பெரிய கறுப்பு வண்டு செய்யும். பூவைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று அதிரும், மகரந்தம் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மூணாவது மாடிக்கு வண்டு எப்போதும் வரும் என்று சொல்ல முடியாதே.

விதை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ரகத்தின் பெயர், சோதித்த தேதி, முளைப்புத் திறன் எல்லாம் இருக்க வேண்டும். தக்காளிக்கு முளைப்புத் திறன் குறைந்தது 70 சதவீதம் என்பது தரக்கணக்கு. "ஆர்கானிக் நாட்டு விதை" என்று பெரிய எழுத்தில் போட்டு, ரகத்தின் பெயரே இல்லாத பாக்கெட் இப்போ நிறைய வருகிறது. என் கருத்தில், அதை வாங்குவதற்குப் பதில் மாட்டுத்தாவணியில் நன்றாகப் பழுத்த ஒரு தட்டைத் தக்காளி வாங்கி நசுக்கி விதைப்பது மேல், பழமாவது கண்ணால் பார்த்ததாக இருக்கும். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி வளாகம் இருக்கிறது. யானைமலை அடிவாரம், ஹைகோர்ட் போகிற வழி. சனிக்கிழமை சினிமாவுக்குப் போவதற்குப் பதில் ஒரு வாரநாள் லீவு போட்டுவிட்டுப் போய், இந்தச் சீசனுக்குப் பல்கலைக்கழக ரகங்களில் என்ன விதை இருக்கிறது என்று கேளுங்க. ஊர்ப்பக்கம் சொந்தக்காரங்க இருந்தால் அவங்களையும் கேளுங்க. அன்னஞ்சி என்ற பெயரில் ஒரு விதைப் பாக்கெட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பிள்ளை ஊரெல்லாம் விற்கிறது, தாயின் பெயர் கல்லூரிக் குறிப்பில் மட்டும் நிற்கிறது. தேனிப் பக்கம் யாராவது பெரியம்மா, அப்பத்தா வீட்டுக் கொல்லையில் பெயர் தெரியாமல் முளைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி உங்க கண்ணில் ஒரு பழைய தட்டைத் தக்காளி பட்டால், எந்த ஊர், யார் வீடு, எத்தனை வருஷமாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி விதையோடு சேர்த்து வைங்க. அந்தத் தாள் இல்லாமல் போனதால்தான் எல்லாமே "நாட்டு" ஆகிவிட்டது.

விதை எடுப்பது சுலபம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், பிகேஎம் 1 மாதிரி ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அதே செடிதான் வரும். அப்படி எடுத்து வைக்க, விதைக்க, அக்கம்பக்கத்தில் பரிமாற விவசாயிக்கு உள்ள உரிமையை 2001ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. முதல் கொத்தில், நோய் படாத செடியில், நன்றாகப் பழுத்த ஒரு பழத்தைச் சமைக்காமல் விடுங்க. வெட்டி, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழிந்து ரெண்டு நாள் மூடி வைங்க. நுரைத்து நாறும், பயப்படாதீங்க. விதையைச் சுற்றியிருக்கிற வழவழப்பு அப்போதுதான் விடும். தண்ணீர் ஊற்றி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதில் புரட்டி, இல்லையென்றால் சும்மாவே, நிழலில் காயவிடுங்க. பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பரப்புங்க. நன்றாகக் காய்ந்ததும் காகித உறையில் போட்டு, மேலே பெயரும் வருஷமும் எழுதி, ஈரம் படாத டப்பாவில் வைத்துவிடுங்க. ஒரு பழத்திலேயே உங்க தெரு முழுக்கக் கொடுக்கிற அளவுக்கு விதை இருக்கும்.

அடுத்த எபிசோடில் கத்தரிக்காய் கேட்டிருக்கீங்க. அது தக்காளி மாதிரி விருந்தாளி இல்லை, நம்ம நாட்டிலேயே பிறந்தது. அதனால சண்டை இன்னும் பெருசா இருக்கும். அதுவரைக்கும், பை.